வேலை முடிந்த மாலைகளில் தீபாவளிப் பலகாரம்

கோலாலம்பூரில் இலையுதிர் காலம் கிடையாது. ஐப்பசி பிறந்தால் இங்கே மாறுவது மழைதான். மதியம் வரை வெயில் கொளுத்தும், மூன்று நான்கு மணிக்கு இடி இடிக்கும், வேலை முடிந்து ரயில் விட்டு இறங்குகிற நேரம் பார்த்துக் கொட்டும். அக்டோபர் பருவக்காற்று திசை மாறும் மாதம். நவம்பர் இந்த நகரத்தில் மழை மிகுந்த மாதங்களில் ஒன்று. சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தீபாவளி வந்து நிற்கிறது. 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. நாள்காட்டியில் இந்த வித்தியாசம் மூன்று வாரம்கூட இல்லை. முறுக்கு டின்னுக்குள் அது நன்றாகவே தெரியும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடுப்பைப் பற்றவைத்து நள்ளிரவில் அணைப்பது. முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் ஒரே நாளில். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தால் இடுப்பு நிமிராது. அதே வேலையைப் பதினைந்து இருபது நாளுக்குப் பிரித்து, மாலைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், செய்வது அதே அளவுதான், ஆனால் யார் தலையிலும் பாரமாக விழாது. வெளியே மழை, உள்ளே பருப்பு வறுபடும் வாசனை, மேசையைச் சுற்றிப் பாட்டியும் பேரப் பிள்ளைகளும். பண்டிகை நாளின் பரபரப்பைவிட இந்த மாலைகளில்தான் குடும்பம் நிதானமாக ஒன்றுசேர்கிறது. அதற்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

திட்டத்தின் அடிப்படை எளிது. நாள்பட நிற்பதை முதலில் செய்யுங்கள். தேங்காய்ப்பால் சேர்க்காத முறுக்கு நன்றாக மூடி வைத்தால் மூன்று வாரம் தாங்கும், அதனால் அதுதான் முதல். அடுத்து நெய் உருண்டை. அச்சு முறுக்கைப் பண்டிகைக்கு முந்திய வார இறுதியில் வைத்துக்கொள்ளலாம். அதிரசம் கடைசி மூன்று நாளில். இன்னொன்று: எண்ணெய்ச் சட்டி வைக்கிற வேலை எதுவும் வார நாளில் வேண்டாம். எட்டு மணி நேரம் உழைத்து, நெரிசலில் நின்று வந்தவர் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்கக் கூடாது. தவிர, மழைக்காலத்தில் அடுக்குமாடி வீட்டில் துணி உள்ளேதான் காய்கிறது. எண்ணெய்ப் புகை அதில் ஏறினால், மறுநாள் அலுவலகத்துக்கு முறுக்கு வாசனையோடுதான் போக வேண்டும். துணியை எடுத்து ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகு அடுப்பைப் பற்றவைப்பதே நல்லது.

வார நாள் மாலைகளுக்கு உலர் வேலைகள் இருக்கின்றன. உளுந்து வறுப்பது, அரைப்பது, சலிப்பது, சீனியைத் தூளாக்குவது, டின்களைக் கழுவித் துடைத்துக் காய வைப்பது. ஒரு கிலோ அரிசி மாவுக்கு 250 கிராம் உளுத்தம்பருப்பு என்பது கைப்பழக்கமில்லாதவர்களையும் ஏமாற்றாத அளவு. அடி கனமான சட்டியில், சின்னத் தீயில், எட்டுப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் பருப்பு இளம்பொன் நிறத்துக்கு வரும், வாசனை வீடு முழுக்கப் பரவும். அங்கே நிறுத்திவிட வேண்டும். சிவந்துவிட்டால் முறுக்கில் கசப்புத் தட்டும், நிறமும் கறுக்கும். சூடாக இருக்கும்போதே மிக்சியில் போடாதீர்கள். ஆவி உள்ளேயே அடைபட்டு மாவு கட்டிபிடிக்கும். பருப்பு ஆறும் நேரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். சாப்பிட்டு வந்து அரைத்து, இரண்டு முறை சலித்து மூடி வைத்தால் அன்றைய வேலை தீர்ந்தது. சலிப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பழைய செய்தித்தாள் விரித்து உட்கார வைத்தால் ஏழு வயதுப் பிள்ளைகூட அழகாகச் செய்யும்.

அரிசி மாவு வாங்கும்போது உறையை நன்றாகப் படியுங்கள். தெப்போங் பெராஸ் என்று போட்டிருப்பதுதான் முறுக்குக்கான அரிசி மாவு. தெப்போங் புலுத் என்றால் அது ஒட்டரிசி மாவு. இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே மாதிரி பொட்டலத்தில் இருக்கும். ஒட்டரிசி மாவில் பிழிந்தால் முறுக்கு ஊதிக்கொள்ளும், சவுக்குச் சவுக்கென்று இழுக்கும், எண்ணெய் குடிக்கும். கடை மாவு இந்தக் காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், வெறும் சட்டியில் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் சூடு காட்ட வேண்டும். நிறம் மாறக் கூடாது. இரண்டு விரலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் கோலம் இழுத்துப் பாருங்கள், இழை அறுபடாமல் விழுந்தால் பதம் வந்துவிட்டது. பாட்டிமார் கைவசம் வைத்திருந்த இந்தச் சோதனையைவிட நல்ல சோதனை எதுவும் கிடையாது. அரிசியை ஊறவைத்து மில்லில் அரைத்துக்கொள்பவர்கள், பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே போய்விட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கழுவிய அரிசியை மின்விசிறிக்கு அடியில் துணியில் விரித்து வையுங்கள். மழை நாளில் அது காய வெயில் நாளைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி முறுக்கு. சனிக்கிழமை காலைதான் தோது, மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஒரு கிலோ அரிசி மாவு, 250 கிராம் உளுத்த மாவு, 100 கிராம் வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எள், இரண்டு தேக்கரண்டி ஓமம், ஒரு தேக்கரண்டி பெருங்காயத்தூள், நான்கு தேக்கரண்டி உப்பு. வெண்ணெயை உலர்ந்த மாவில் போட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடித்த வடிவில் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் மொத்தமாக 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை இழுக்கும், மாவைப் பொறுத்து மாறும். ஆனால் மாவு முழுவதையும் ஒரேயடியாகப் பிசையவே கூடாது. நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு பொரிந்து முடியும் தறுவாயில் அடுத்த பங்கைப் பிசையுங்கள். பிசைந்து நின்ற மாவு நேரமாக ஆக இளகும், எண்ணெய் குடிக்கும், கடைசி ஈடு முதல் ஈட்டைவிடச் சிவந்து வரும்.

எண்ணெய்க்கு இங்கே பாமாயில்தான். பொரிப்பதற்கு அது நன்றாகவே தாங்கும். 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் போதும், ஆனால் பண்டிகை நெருங்க நெருங்கக் கடையில் தீர்ந்துபோவது உண்டு, முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கேஸ் தோம்பையும் முந்தின நாளே தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி ஈட்டில் தீ அடங்கினால் சட்டியில் இருக்கும் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிடும். சட்டியில் பாதி உயரத்துக்கு மேல் எண்ணெய் வேண்டாம். சூடு 170 முதல் 175 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய்த் தொட்டு, உடனே மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. விழுந்த கணமே மேலே துள்ளிக் கறுத்தால் தீயைக் குறைக்க வேண்டும்.

பிழிந்த முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் பெரிய பெரிய குமிழிகள் எழும், சத்தமும் பலமாக இருக்கும். அந்தக் குமிழி மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான். குமிழி சிறுத்த பிறகு திருப்பிப் போடுங்கள், அதற்கு முன் கரண்டி பட்டால் உடையும். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சலசலப்பு மெல்ல அடங்கி, சட்டியின் ஓரத்தில் மட்டும் ஓரிரண்டு குமிழி ஓடும் நிலை வரும். அப்போதுதான் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் அரை நிமிடம் முந்தி எடுத்தாலும் பெரிதாகத் தெரியாது. இந்த மழையில், உள்ளே மிச்சமிருக்கும் ஈரமும் வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்து மறுநாளே முறுக்கை நமுத்துப்போக வைக்கும். நிறத்தை நம்பி எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். காதை நம்புங்கள். நிறம் சட்டியிலிருந்து எடுத்த பிறகும் ஒரு படி ஏறும், அதனால் இளம்பொன்னில் எடுத்தாலே போதும்.

எண்ணெயில் முறுக்கு பிரிந்து உதிர்ந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. மிச்ச மாவில் இரண்டு பிடி அரிசி மாவு சேர்த்தால் சரியாகும். கடிக்க முடியாமல் கல்லாக இருந்தால் வெண்ணெய் குறைவு, அல்லது மந்தமான சூட்டில் நெடுநேரம் கிடந்திருக்கிறது. வெளியே சிவந்து நடுவில் மெத்தென்று இருந்தால் தீ அதிகம். ஒரே ஈட்டில் ஏழெட்டுப் போட்டு நெருக்கினாலும் எண்ணெய்ச் சூடு இறங்கி எண்ணெய் கோத்துக்கொள்ளும். நடுத்தரச் சட்டிக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து. பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழுந்தால் மாவு இறுக்கம், கையில் தண்ணீர் தொட்டு ஒருமுறை பிசைந்துவிடுங்கள்.

யார் எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே பிரித்துவிட்டால் சமையலறையில் முட்டல் மோதல் இருக்காது. பிழிவது ஒருவர், பொரிப்பது ஒருவர், ஆற வைத்து டின்னில் அடுக்குவது ஒருவர். பாட்டிக்குக் கைவலி இருந்தால் அழுத்திப் பிழியும் மர அச்சை வைத்துவிட்டுத் திருகு அச்சைக் கொடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே பிழிவார். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய தாள்களில் பிழிந்து வரிசையாக வைத்தால், பொரிப்பவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போடலாம். பொரிக்கும் இடத்தில் ஆண்கள் நிற்பது நம் வீடுகளில் இன்னும் குறைவு. அது மாற வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். சட்டியைக் கவனிப்பதற்கு வேண்டியது பொறுமை மட்டும்தான், அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அது வரும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சட்டியிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளித்தான் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பின்கட்டிலோ பால்கனியிலோ அடுப்பு வைத்திருப்பவர்கள் மழைச் சாரலைக் கவனியுங்கள். சூடான எண்ணெயில் விழும் சொட்டுத் தண்ணீர் வெடித்துத் தெறிக்கும். கழுவி ஈரத்தோடு மாட்டிய கரண்டியும் அப்படித்தான், துணியால் துடைத்துவிட்டே இறக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை அடைத்துவிட்டுச் சட்டியை மூடிவிட வேண்டும். பொருத்தமான மூடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நெய் உருண்டை வார நாளுக்கென்றே அமைந்த பலகாரம். எண்ணெய்ச் சட்டி இல்லை, தெறிப்பு இல்லை, பிள்ளைகள் கையோடு செய்யலாம். 500 கிராம் பாசிப்பருப்பு, 400 கிராம் சீனி, 250 கிராம் நெய், 100 கிராம் முந்திரி, ஆறு ஏலக்காய். பருப்பைச் சின்னத் தீயில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் வறுத்து, நன்றாக ஆற வைத்து, ஏலக்காயோடு சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். இதை ஒரு மாலையில் முடித்துவிட்டு, உருட்டுவதை மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். சீனியைத் தனியாகப் பொடியாக்கிச் சலித்துக் கலக்குங்கள். முந்திரியை உடைத்து நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் சேருங்கள். இங்கே கியூபிபி டின் நெய்தான் பெரும்பாலான வீடுகளில். எந்த நெய்யானாலும் சூட்டில்தான் காரியம் இருக்கிறது.

உருட்டும்போது மொத்த மாவிலும் நெய்யைக் கொட்டினால் பாதியிலேயே ஆறி, உருண்டை பிடிபடாமல் உதிரும். தட்டில் இரண்டு கைப்பிடி மாவு மட்டும் எடுத்து, அடுப்பில் சின்னத் தீயில் இருக்கும் நெய்யிலிருந்து மூன்று நான்கு மேசைக்கரண்டி எடுத்து ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்தி உருட்டுங்கள். ஊற்றுபவர் பெரியவராக இருக்கட்டும், உருட்டுபவர்கள் எத்தனை பேரானாலும் சரி. பிள்ளைகள் முதலில் லேசாகத்தான் பிடிப்பார்கள், அது விரிசல் விடும். உள்ளங்கைக்குள் வைத்து மூன்று தடவை அழுத்திய பிறகுதான் உருட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் நான்காவது உருண்டையிலேயே கை பழகிவிடும். கை காய்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். உருட்டியது தட்டில் உட்கார்ந்து தட்டையானால் நெய் கூடுதல், கொஞ்சம் மாவு சேருங்கள். இந்த ஊர் மதிய வெப்பத்தில் நெய் தானாகவே இளகும் என்பதால், கூடுதல் நெய் விட்ட உருண்டை டின்னுக்குள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டும். சின்னக் காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வைத்தால் அழகுக்கு அழகு, ஒட்டவும் ஒட்டாது. பிள்ளைகள் உருட்டியவை ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாகத்தான் இருக்கும். அவற்றை ஒளித்து வைக்காமல் விருந்தினர் தட்டில் வையுங்கள். "இது நான் உருட்டினது" என்று மாமாவிடம் காட்டும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அச்சு முறுக்குக்கு 500 கிராம் அரிசி மாவு, 200 கிராம் சீனி, மூன்று முட்டை, 450 மில்லி தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரையுங்கள். மாவு கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாகப் படிய வேண்டும், அதுதான் பதம். புது அச்சாக இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய வைத்து, எண்ணெயில் ஓரிரவு கிடத்துங்கள். அச்சைச் சூடான எண்ணெயில் இரண்டு நிமிடம் வைத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்குங்கள். மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் மாவு அச்சை மூடிப் பிடித்துக்கொள்ளும், முறுக்கு கழலவே கழலாது. மாவு அச்சில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் அச்சின் சூடு சரியில்லை. முக்கும்போது சுர்ரென்று மெல்லிய சத்தம் வர வேண்டும். சீனி இருப்பதால் சீக்கிரம் கறுக்கும், முறுக்கைவிடத் தீ ஒரு படி குறைவாகவே இருக்கட்டும். மாவு அடியில் தங்கும், பத்துப் பன்னிரண்டு அச்சுக்கு ஒருமுறை கலக்கிவிடுங்கள்.

அதிரசத்தை இந்த நகரத்தில், இந்த மழையில், வேலைக்குப் போகிறவர்கள் முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரமாவும் வெல்லப்பாகும் சேர்ந்து அமையக் கைப்பழக்கம் வேண்டும். தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ பக்கத்தில் இருந்தால் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பதுதான் இங்கே பாதி வேலை. பொரித்ததைச் சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகி உள்ளேயே சொட்டும். ஆறட்டும் என்று இரவு முழுவதும் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்கால மாலைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் சூடு போன அரை மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். ஏர்கோன் இருக்கும் அறை என்றால் இன்னும் நல்லது, அந்தக் காற்றில் ஈரம் குறைவு. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டாவிட்டால் பயனில்லை. சதுர ரொட்டி டின்கள் பெரியதாக இருப்பதால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று நிறையப் போகும். சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததை உடையுங்கள். வீட்டில் தின்பதற்கென்று ஒரு டப்பாவை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் மற்றவை பிழைக்கும். மூடியில் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

அலுவலகத்துக்கும் அண்டை வீட்டுக்கும் கொடுப்பதை ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றாக உட்கார்ந்து பொட்டலம் போடலாம். ஒரு பொட்டலத்தில் நான்கு முறுக்கு, இரண்டு நெய் உருண்டை, இரண்டு அச்சு முறுக்கு போதும். அச்சு முறுக்கில் முட்டை இருப்பதைச் சீட்டில் எழுதுங்கள், மரக்கறி உண்ணும் சீன நண்பர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். முந்திரியையும் எழுதுங்கள். மலாய்க்கார நண்பர்களுக்குத் தருவதாக இருந்தால் வெண்ணெய், நெய் வாங்கும்போதே ஹலால் முத்திரை பார்த்து வாங்கிவிடலாம். பண்டிகை நாளில் கூட்டத்தோடு கூட்டமாகக் கொடுப்பதைவிட, இரண்டு மூன்று நாள் முன்பு வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் கொடுத்தால் நின்று பேசவும் நேரம் கிடைக்கும். முறுக்குப் பதம் கேட்டு வருகிறவர்களுக்கு அளவை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எண்ணெய் மிஞ்சும். கழுவுதொட்டியில் ஊற்றினால் அடுக்குமாடிக் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியதும் வடிகட்டிப் புட்டியில் ஊற்றுங்கள். பயன்படுத்திய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் இடங்கள் நகரத்தில் இருக்கின்றன. அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும், விரதம் இருப்பவர்களுக்கு முட்டை சேராத பலகாரத்தை ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வையுங்கள். மழையில் நமுத்துப்போன முறுக்கை எறிய வேண்டாம். ஓவனில் 130 பாகையில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுதாக ஆற விட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைத்தால் கருகிவிடும். டின்னின் அடியில் சேரும் உடைசலையும் இதே போல் சூடு காட்டி வையுங்கள், ரசம் சோற்றுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.